வீட்டை ஒழுங்குபடுத்தும் முன் அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள்

சனிக்கிழமை காலையில் கிள்ளானிலோ செந்தூலிலோ உள்ள குடியிருப்புகளில் அந்தக் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் அழைத்தபடி பழைய பேப்பர் லாரி மெதுவாக ஊர்ந்து வரும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அந்த லாரிக்கு நம் வீடுகளில் நல்ல வியாபாரம். பழைய நாளிதழ், பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்கள், ஓடாத மின்விசிறி, ஓட்டை விழுந்த சட்டி என்று கட்டுக் கட்டாக வெளியே போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் வீட்டில் அலமாரியை ஒழித்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின்னும் அப்படித்தான் வாசலுக்குப் போனது. மேலே நூல்கண்டு, ஊசி, உதிர்ந்த பொத்தான்கள். தையல் சாமான் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். நூல்கண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மா டின்னைக் கவிழ்த்தபோதுதான் அடியில் பிளாஸ்திக் பையில் சுற்றியிருந்த காகிதங்கள் விழுந்தன. தாத்தாவின் பழைய அடையாள அட்டை, பாட்டியின் பிறப்புப் பத்திரம், தோட்டத்தில் வேலை செய்ததற்கான ஒரு கடிதம். லாரி ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் அவை போயே போயிருக்கும்.

வீட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் இப்போது புத்தகக் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பயனுள்ள ஆலோசனைகள் பல உண்டு. ஆனால் அவை ஜப்பானிலும் சுவீடனிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. நம் வீடுகளுக்கு அவற்றில் எது பொருந்தும், எதை அப்படியே பின்பற்றினால் ஆபத்து என்பதைப் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

புத்தகங்கள் என்ன சொல்கின்றன?

இந்த வரிசையில் உலகப் புகழ் பெற்றவர் ஜப்பானியரான மரி கொண்டோ. அவருடைய நூல் ஜப்பானில் 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. 2014இல் ஆங்கிலத்திற்கு வந்தது. 2019 ஜனவரியில் நெட்பிலிக்ஸ் தொடர் ஒளிபரப்பான பிறகு நம் நாட்டிலும் அவர் பெயர் பரவியது. அவர் முறையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, அறை அறையாக ஒழுங்குபடுத்தக் கூடாது. பொருள் வகையாக ஒழுங்குபடுத்த வேண்டும். வீட்டின் எல்லா மூலைகளிலும் உள்ள துணிகளை ஒரே இடத்தில் குவித்தால்தான் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்பது நமக்கே தெரியும். இரண்டாவது, வரிசை. துணி, புத்தகம், காகிதம், மற்றச் சாமான்கள், கடைசியாக நினைவுப் பொருள்கள். எளிதானதில் தொடங்கி மனம் பழகிய பிறகு கடினமானதைத் தொட வேண்டும் என்பது இதன் காரணம்.

ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது மகிழ்ச்சி தருகிறதா என்று கேளுங்கள் என்பது அவருடைய புகழ்பெற்ற அளவுகோல். கழிக்கும் பொருளுக்கு நன்றி சொல்லி அனுப்பச் சொல்கிறார். இளமையில் ஷிண்டோ கோயில் ஒன்றில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். மேல்நாட்டவர் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு, ஆயுத பூசை நாளில் தையல் இயந்திரத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பொட்டு வைக்கும் நமக்கு, இதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அவருக்கு முன்பே, 2009இல், ஹிடெகோ யமாஷிதா என்பவர் 'டான்ஷாரி' என்ற முறையை நூலாக எழுதினார். தேவையற்றதை உள்ளே விடாமல் மறுப்பது, இருப்பதைக் கழிப்பது, பொருள் மீதான பற்றிலிருந்து விலகுவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தச் சொல். அவர் இதை யோகப் பயிற்சியிலிருந்து எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறார். இதில் நாம் கவனிக்க வேண்டியது முதல் படி. வீட்டிலிருந்து பத்துப் பையை வெளியேற்றிவிட்டு, அடுத்த வாரம் மலிவு விற்பனையில் பன்னிரண்டு பையை வாங்கி வந்தால் பயன் இல்லை.

மூன்றாவது, சுவீடனைச் சேர்ந்த மார்கரேட்டா மாக்னுசன் 2017இல் வெளியிட்ட நூல். முதுமையில் ஒருவர் தம் பொருள்களைத் தாமே குறைத்து வைப்பதை அந்நாட்டில் 'மரணச் சுத்தம்' என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கிறார்கள். பெயர் கேட்பதற்கு அமங்கலமாக இருந்தாலும் கருத்து அன்பானது. நாம் போன பிறகு பிள்ளைகள் நம் சாமான்களுக்கு நடுவே உட்கார்ந்து திண்டாடக் கூடாது. கொடுக்க நினைப்பதை உயிரோடு இருக்கும்போதே நம் கையால் கொடுத்துவிட வேண்டும் என்பதே அது.

நான்காவது முறைக்குப் புத்தகம்கூட வேண்டாம். ஷா ஆலம், பூலாவ் இண்டா பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு அது மனப்பாடம். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் பிறந்த 5எஸ் முறைதான் அது. வேண்டியதையும் வேண்டாததையும் பிரிப்பது, வேண்டியதற்கு ஓர் இடம் குறிப்பது, துடைத்துச் சுத்தம் செய்வது, அதையே ஒரு முறையாக்குவது, அந்த முறையைப் பழக்கமாக்குவது என்று ஐந்து படிகள். பட்டறையில் ஸ்பேனருக்குக் கோடு போட்டு இடம் வைப்பவர், வீட்டில் கத்தரிக்கோலைத் தேடி எல்லாரையும் திட்டுகிறார் என்றால், தெரிந்த வித்தையை வீட்டுக்குக் கொண்டு வரவில்லை என்றுதான் பொருள்.

நம் வீட்டில் எங்கே இடறுகிறது?

புத்தகங்கள் பெரும்பாலும் தனி ஆளையோ சிறு குடும்பத்தையோ மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சுமார் 700 சதுர அடியில் மூன்று அறை கொண்ட மக்கள் அடுக்குமாடி வீட்டில் தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை வாழும்போது, "இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா?" என்ற கேள்வி பாதி வழியிலேயே நின்றுவிடும். மருமகளுக்கு இடைஞ்சலாகத் தெரியும் பித்தளை அண்டா மாமியாருக்குத் தாய்வீட்டுச் சீர். ஆகவே முதல் விதி: உங்கள் பொருளை மட்டும் நீங்கள் கழியுங்கள். மற்றவர் பொருளை அவர் இல்லாத நேரத்தில் கழிக்காதீர்கள். மரி கொண்டோவும் இதையே வலியுறுத்துகிறார்.

அடுத்து, 'மகிழ்ச்சி' என்பதற்குப் பதிலாக வேறு மூன்று கேள்விகள் நம் வீட்டுக்குப் பொருந்தும். கடந்த தீபாவளிக்குப் பிறகு இதை ஒரு முறையாவது பயன்படுத்தினோமா? இதே வேலையைச் செய்யும் வேறு பொருள் வீட்டில் இருக்கிறதா? நாளை இது தேவைப்பட்டால் உறவினரிடம் இரவல் வாங்க முடியுமா? வருடத்துக்கு ஒரு முறை படையலுக்கு எடுக்கும் பெரிய பானையை இந்தக் கேள்விகள் காப்பாற்றும். மூடி இல்லாத இருபது ஐஸ்கிரீம் டப்பாக்களையும், தாப்பாவ் வாங்கிச் சேர்த்த பிளாஸ்திக் பெட்டிகளையும் காப்பாற்றாது.

முடிவெடுக்க முடியாத பொருள்களுக்கு 5எஸ் முறையில் ஒரு வழி உண்டு. தொழிற்சாலையில் சந்தேகமான பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டித் தேதி எழுதித் தனியே வைப்பார்கள். வீட்டிலும் ஒரு பெட்டியில் அப்படிப்பட்டவற்றைப் போட்டு மேலே தேதி எழுதுங்கள். ஆறு மாதம் வரை யாரும் அதைத் தேடவில்லை என்றால் கொடுத்துவிடலாம். வீட்டில் சண்டையும் வராது.

காகிதத்தில் மட்டும் அவசரம் வேண்டாம்

காகிதங்களைப் பொறுத்தவரை மரி கொண்டோ கண்டிப்பானவர். இப்போது பயன்பாட்டில் உள்ளவை, கொஞ்ச காலத்துக்குத் தேவையானவை, என்றென்றும் வைத்திருக்க வேண்டியவை ஆகிய மூன்றில் சேராத எல்லாவற்றையும் கழித்துவிடச் சொல்கிறார். சரிதான். ஆனால் நம் சமூகத்தில் அந்த மூன்றாவது வகை மற்றவர்கள் நினைப்பதைவிடப் பெரியது.

இந்நாட்டில் பிறந்தும் பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ இல்லாமல் தவிக்கும் நம்மவர் கதைகள் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. இதற்காகவே 2011இல் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கம் நடத்தப்பட்டது. இந்தச் சிக்கல்களில் பலவற்றுக்குத் தீர்வு பழைய காகிதம் ஒன்றில்தான் இருக்கிறது.

காரணம் சட்டத்தில் உள்ளது. 1957 ஆகஸ்டு 31க்கும் 1962 செப்டம்பர் இறுதிக்கும் இடையே இங்குப் பிறந்தவர்கள் பொதுவாகப் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, இங்குப் பிறந்தது மட்டும் போதாது. பிறந்த நேரத்தில் பெற்றோரின் நிலை என்ன என்பதும் பார்க்கப்படுகிறது. ஆகவே ஒரு பேரனின் விண்ணப்பத்துக்குப் பாட்டி பிறந்த ஆண்டும், தாத்தா வைத்திருந்த அடையாள அட்டை நீலமா சிவப்பா என்பதும் முக்கியமாகிவிடலாம்.

திருமணமும் அப்படித்தான். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்களில் பிள்ளையின் குடியுரிமைக்குத் தந்தையின் ஆவணம் உதவாமல், தாயின் நிலையே கணக்கில் எடுக்கப்படுகிறது. பழைய திருமண அழைப்பிதழ், தேதி எழுதிய திருமணப் படம் போன்றவை சான்றிதழுக்கு ஈடாகாது. ஆனால் சத்தியப் பிரமாணம் செய்து விளக்கம் கொடுக்க வேண்டிய நேரத்தில் அவை பேசும்.

ஆகவே கீழ்க்கண்டவற்றை எந்தப் புத்தகம் சொன்னாலும் கழிக்காதீர்கள். இறந்தவர்களுடையதாக இருந்தாலும் கழிக்காதீர்கள்.

பிறப்பு, இறப்பு, திருமண, மணமுறிவுப் பத்திரங்கள். பழைய அடையாள அட்டைகள், அவற்றின் நகல்கள், நுழைவு அனுமதிகள். தாத்தா பாட்டியின் கடப்பிதழ்கள். தோட்ட நிர்வாகம் கொடுத்த கடிதம், தோட்ட மருத்துவமனை அட்டை, பள்ளி விடுகைச் சான்றிதழ். வீடு வாங்கிய ஒப்பந்தம், கிராண்ட் எனப்படும் நிலப்பட்டா. உயில், காப்புறுதிப் பத்திரம், ஊழியர் சேமநிதி வாரிசு நியமனப் படிவம்.

சில காலம் மட்டும் வைத்திருக்க வேண்டியவையும் உண்டு. வருமான வரிக் கணக்கில் காட்டிய இரசீதுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டம். வீட்டைப் புதுப்பித்த செலவுக்கான இரசீதுகளை அந்த வீட்டை விற்கும் வரை வைத்திருங்கள். நிலச் சொத்து இலாப வரி கணக்கிடும்போது தேவைப்படலாம். உத்தரவாதக் காலம் முடிந்த சலவை இயந்திரத்தின் அட்டை, கட்டி முடித்த பழைய மின்கட்டண பில் ஆகியவற்றைத் தயங்காமல் கழிக்கலாம். பெயரும் அடையாள அட்டை எண்ணும் உள்ள பகுதியைக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

உயரத்தில் வையுங்கள்

2021 டிசம்பர் 18ஆம் தேதி பெய்த மழையில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வடிந்த பிறகு தெருவெங்கும் மெத்தையும் அலமாரியும் மலைபோல் கிடந்தன. அவற்றோடு கீழ்த்தட்டில் வைத்திருந்த கோப்புகளும் சேறாகிப் போயின.

முக்கிய ஆவணங்களை நீர் புகாத ஒரே உறையில் போட்டு, வீட்டின் உயரமான அலமாரியில், எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்பது வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வேறு ஊரில் உள்ள பிள்ளைக்கோ உடன்பிறப்புக்கோ அனுப்பி வையுங்கள். படம் அசலுக்கு ஈடாகாது. ஆனால் அசல் தொலைந்தால், பத்திரத்தின் எண் தெரிந்திருந்தால் தேசியப் பதிவிலாகாவில் நகல் கேட்பது எளிது.

சாமான் சேர்ந்தால் கொசுவும் சேரும்

வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் பழைய பெயிண்ட் டின், உடைந்த பூந்தொட்டி, டயர், கவிழ்க்காமல் விட்ட வாளி ஆகியவை வெறும் குப்பை அல்ல. 2024இல் மலேசியாவில் 122,423 டிங்கிச் சம்பவங்கள் பதிவாயின. 117 பேர் உயிரிழந்தனர். சிலாங்கூர் தொடர்ந்து பட்டியலின் உச்சியில் இருக்கும் மாநிலம்.

ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கச் சுகாதார அமைச்சு சொல்கிறது. வாரம் ஒரு முறை பார்த்தால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். காய்ந்த பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை பல மாதம் உயிரோடு இருந்து, மழை நீர் பட்டதும் பொரிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கப்படலாம். வீட்டை ஒழுங்குபடுத்துவதை அலமாரியில் தொடங்காமல் பின்வாசலில் தொடங்குங்கள் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

கழித்ததை எங்கே கொண்டு போவது?

போகிப் பண்டிகையில் பழையதை எரிப்பது நம் வழக்கம். ஆனால் திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். நெகிழியும் ரப்பரும் எரியும் புகை அடுத்த வீட்டு ஆஸ்துமா பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும்.

கோலாலம்பூரில் வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் குப்பையும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், பெரிய சாமான், தோட்டக் கழிவு ஆகியவையும் எடுக்கப்படுகின்றன. சிலாங்கூரில் இந்தப் பணியை கேடெப் நிறுவனம் பார்க்கிறது. பழைய சோபா, மெத்தை போன்றவற்றை எந்த நாளில் வெளியே வைக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முந்திய மாலைதான் வைக்க வேண்டும். கால்வாய் ஓரத்தில் தள்ளினால் அடுத்த மழைக்கு அது நம் வாசலுக்கே திரும்பி வரும்.

நல்ல நிலையில் உள்ள துணியைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். கிழிந்ததை ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்புவது தருமம் ஆகாது. அனுப்பும் முன் என்ன தேவை என்று தொலைபேசியில் கேளுங்கள். பழுப்பேறிய சட்டையைவிட ஒரு மூட்டை அரிசி அவர்களுக்குத் தேவையாக இருக்கலாம். ச்சூ ச்சி அமைப்பின் மறுசுழற்சி நிலையங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் பல இடங்களில் உள்ளன. காகிதம், புட்டி, உலோகம் போன்றவற்றை அங்கே கொடுக்கலாம். மிச்சமான மருந்து மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டாமல் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

சாமிப் படங்களும் பழைய நாள்காட்டிகளும் எல்லா வீட்டிலும் சங்கடம் தருபவை. குப்பையில் போட மனம் வராமல் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வருகிறோம். மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, கடைசியில் கோயில் ஊழியர்தான் அள்ளுகிறார். அதைவிட, கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்வது மரியாதை. கண்ணாடியையும் சட்டத்தையும் நாமே கழற்றிப் பிரித்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் இருந்தால் கிலோ கணக்கில் விற்கும் முன் ஒரு கணம் யோசியுங்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. தோட்டப் பள்ளி ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், தொழிற்சங்க வெளியீடு போன்றவை நூலகங்களிலேயே இல்லாமல் போகலாம். மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தையோ உள்ளூர்த் தமிழ் அமைப்பையோ கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

பெரியவர்களோடு உட்காருங்கள்

நினைவுப் பொருள்கள் கடைசி என்று மரி கொண்டோ சொல்வதும், படங்களில் தொடங்காதீர்கள் என்று மாக்னுசன் சொல்வதும் ஒன்றேதான். படத்தை எடுத்தால் கதை வரும். கதை வந்தால் வேலை நிற்கும். ஆனால் நம் வீட்டில் அந்தக் கதைதான் தேவை. ரஜூலா கப்பலில் வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிய தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய கிள்ளான் துறைமுகம் என்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. படத்தின் பின்புறத்தில் பென்சிலால் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி வைக்கப் பாட்டியைவிட்டால் ஆள் இல்லை.

ஆகவே வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வாரம் பின்வாசலும் கொசு சேரும் இடங்களும். இரண்டாம் வாரம் துணி. மூன்றாம் வாரம் சமையலறை. நான்காம் வாரம் காகிதம். அன்று மட்டும் வீட்டில் மூத்தவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். ஐந்தாம் வாரம் படங்களும் நினைவுப் பொருள்களும், தேநீரோடு, அவசரம் இல்லாமல்.

வீடு முழுதும் பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்ற கவலை வேண்டாம். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு, முன்போல் தம் வீட்டை ஒழுங்காக வைத்திருக்க முடியவில்லை என்று மரி கொண்டோவே 2023இல் சொல்லிவிட்டார். வேண்டியது கைக்கு எட்ட வேண்டும், கொசு வளரக் கூடாது, காகிதம் தொலையக் கூடாது. இவ்வளவு நடந்தால் நம் வீடு ஒழுங்காக இருக்கிறது என்றே பொருள்.

எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னில் இப்போது தையல் சாமான் மட்டும்தான் இருக்கிறது. காகிதங்கள் உறைக்குள், அலமாரியின் மேல்தட்டில். அடுத்த சனிக்கிழமை லாரிச் சத்தம் கேட்கும் முன், உங்கள் வீட்டு டின்னையும் ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள்.